வீங்காத முதுகு

"வீக்கம் இல்ல. சிவப்பு இல்ல. அலகு குத்தின முதுகு மாதிரியாப்பா இருக்கு இது? நல்லா பாத்துக்குங்க!"

ரங்கநாதன் இதை எத்திராஜிடம் சொல்லவில்லை. அவன் முதுகைக் காட்டி, வாசலில் கூடியிருந்த சந்துக்கே கேட்கும்படி சொன்னார். எத்திராஜ் சட்டையில்லாமல் முக்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி சரசு கதவருகே நின்றுகொண்டு, பெருமையை வெளியே காட்டாமல் இருக்கப் பாடுபட்டாள்.

ஸ்ரீராம்புரத்தின் அந்தப் பகுதியில் ஆடிக் கிருத்திகைக்கு அலகு குத்துவது ரங்கநாதன்தான். முதுகில் கொக்கிகளை மாட்டிக் கயிறு கட்டி, ஆளைவிட உயரமான தேரைத் தெருத்தெருவாக இழுக்க வைப்பார். கொக்கியைக் கழற்றியதும் விபூதி ஒன்றுதான் மருந்து. டெட்டால், ஆயின்ட்மென்ட் என்று யாராவது வாயைத் திறந்தால், "அப்போ முருகன்மேல நம்பிக்கை இல்ல, அப்படித்தானே?" என்பார். மூன்றாம் நாள் காலையில் வீடு வீடாகப் போய்த் துளைகளைப் பார்ப்பார். புண் வீங்கிச் சிவந்திருந்தால் விரதத்தில் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். இல்லாவிட்டால் வேண்டுதலை முருகன் ஏற்றுக்கொண்டான்.

அந்த வருஷம் சிக்கியவன் ஆட்டோ ஓட்டும் சுனில். அவன் முதுகு பணியாரம் பணியாரமாக வீங்கியிருந்தது.

"எங்கடா போன விரதத்துல? சிவாஜி நகர்ல பிரியாணி அடிச்சியா?"

"ஐயோ சாமி, சத்தியமா இல்ல. ஒரே ஒரு முட்டை பப்ஸ். அதுவும் மாலை போடறதுக்கு முந்தின நாளு!"

"அது வயித்துல தங்கிடுச்சு போல."

சந்தே சிரித்தது. சுனிலும் சிரித்தான். சிரித்தபோது முதுகு இழுத்து வலிக்க, "ஸ்ஸ்" என்று பல்லைக் கடித்துக்கொண்டான். எத்திராஜுக்கு அந்த வலி கூட இல்லை. மறுநாளே வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

எத்திராஜ் மாநகராட்சியின் குப்பை வண்டி ஓட்டுகிறவன். வீட்டுக்கு வீடு நிறுத்தி, ஏறி, இறங்கி, வாளியைத் தூக்கிக் கொட்டி, போன வருஷம் இரண்டு முட்டியும் விட்டுப்போயின. இரவில் காலை நீட்ட முடியாமல் முனகுவான். சரசுதான் மெயின் ரோட்டு மெடிக்கல் ஷாப்பில் சேஷகிரியிடம் போய் நின்றாள். அவர் கேள்வி கேட்கவில்லை. டப்பா டப்பாவாகத் திறந்து, ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, ஒரு குட்டி வெள்ளை என்று எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அட்டையும் இல்லை, பெயரும் இல்லை. "சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொல்லும்மா. எழுந்து ஓடுவான்."

அதே வாரத்தில்தான் சரசு கோயிலில் நின்று வேண்டிக்கொண்டாள். அவர் முட்டி சரியானால் முதுகில் அலகு குத்தித் தேர் இழுக்க வைக்கிறேன்.

"வேண்டிக்கறது நீ, குத்து வாங்கறது நானா?" என்று எத்திராஜ் கேட்டான். ஆனால் அந்த வாரமே முட்டி வலி பறந்துவிட்டதால் அவனால் மேற்கொண்டு பேச முடியவில்லை. மாத்திரைக்குப் பாதி, முருகனுக்குப் பாதி என்று பங்கு பிரிக்க சரசுவுக்குத் தோன்றவில்லை. மொத்தத்தையும் முருகனுக்கே கொடுத்துவிட்டாள். காகிதப் பொட்டலம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. எத்திராஜின் ஒட்டிக் கிடந்த கன்னம் உப்பியது. முகம் பூரித்து வட்டமானது. "இன்னா எத்திராஜு, புது மாப்ள மாதிரி ஆயிட்ட?" என்று டீக்கடையில் கேட்டார்கள். அதையும் சரசு கோயில் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள்.

முதுகு வீங்கவில்லை. ஆனால் மூடவும் இல்லை.

அதைக் கவனிக்க அவளுக்கு நாளாயிற்று. மேலே இருந்த துளைகள் ஏனோதானோவென்று பொருக்குக் கட்டின. இடுப்புக்குச் சற்று மேலே இருந்த ஒன்று மட்டும் திறந்த வாயாகவே நின்றது. ஓரங்கள் நனைந்த காகிதம் போல வெளுத்திருந்தன. உள்ளேயிருந்து மெல்லிய நீர் வடிந்தபடி இருந்தது. சரசு காலையும் மாலையும் விபூதியை அப்பினாள். விபூதி ஊறிக் குழம்பாகி வழிந்தது.

"வலிக்குதா?"

"இல்லியே."

"அரிக்குதா?"

"ஒண்ணும் இல்ல சரசு. நீ சும்மா தோண்டித் தோண்டிப் பாக்காத."

வலி இல்லை என்பதுதான் அவளுக்கு ஒரே ஆறுதலாக இருந்தது. வலிக்காத புண் எப்படிக் கெட்ட புண்ணாக இருக்கும்?

எதிர்வீட்டு சங்கமித்ராதான் முதலில் வாயைத் திறந்தாள். கார்மென்ட்ஸில் தையல் வேலை செய்பவள். அவர்கள் பௌத்தர்கள், கோயில் பக்கம் வரமாட்டார்கள். ஆனால் காவடி வரும் நாளில் வாசலில் நீர்மோர் வைப்பது அவர்கள் வீடுதான். குழாயடியில் சரசு பனியனைக் கசக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குடத்தை வைத்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காத. அண்ணன் பனியன்ல ஒரு நாத்தம் வருது. ஆஸ்பத்ரிக்கு இட்னு போ."

"உங்க வூட்ல சாமி கும்பிடறதில்ல. உனக்கு இதெல்லாம் புரியாது."

"சாமி புரியல, சரி. மூக்கு இருக்கில்ல எனக்கு?"

சரசு பனியனை ஓங்கிக் கல்லில் அடித்தாள். சங்கமித்ராவின் புடவையெல்லாம் தெறித்தது. அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சரசு நேராக ரங்கநாதன் வீட்டுக்குப் போனாள். அவர் வந்தார், குனிந்து பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். இந்தத் தடவை சந்துக்குக் கேட்கும்படி எதுவும் சொல்லவில்லை.

"விபூதி போடு தங்கச்சி. சந்தேகப்படாத. சந்தேகப்பட்டாதான் கெடும்."

அதற்குப் பிறகு அவர் அந்தச் சந்து வழியாக வருவதையே குறைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுனில் ஆட்டோவைக் கழுவிவிட்டு அதே குழாயில் தானும் குளித்துக்கொண்டிருந்தான். சரசு அவன் முதுகைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். பணியாரமெல்லாம் எங்கே? மிளகு அளவுக்குக் கறுத்த புள்ளிகள், அவ்வளவுதான். தோல் இழுத்து மூடிக்கொண்டு, மேலே பளபளவென்று புதுத் தோல்.

"இன்னா அண்ணி, அப்படிப் பாக்கற?"

"எப்படிடா ஆறிச்சு உனக்கு?"

"எனக்கு இன்னா தெரியும்? வீங்கிச்சு, ராத்திரி பூரா குத்திச்சு, அப்புறம் அரிச்சுது, அப்புறம் போயிடுச்சு."

பப்ஸ் தின்றவன் முதுகு ஆறிவிட்டது. ஒரு வேளை விரதம்கூடப் பிசகாத முதுகு ஆறவில்லை. அந்த வாரக் கடைசியில் எத்திராஜை இழுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

வரிசை கேட்டைத் தாண்டி நின்றது. சனிக்கிழமை அரை நாள்தான். இளம் டாக்டர் ஒருவர் ரத்தம் எடுக்கச் சொன்னார். சீழ் எடுக்கச் சொன்னார். "சுகர் இருக்கா? பிபி? வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?"

"ஒண்ணும் கிடையாது சார்" என்றான் எத்திராஜ்.

அவன் பொய் சொல்லவில்லை. முட்டிக்குப் போடுவது அவன் கணக்கில் மருந்தே இல்லை. டீ குடிப்பது போல அது ஒரு பழக்கம். அதுவுமில்லாமல், டாக்டர் கேட்டது முதுகைப் பற்றித்தானே.

கட்டுப் போடும் அறையில் இருந்த நர்ஸ் கன்னடக்காரம்மா. தமிழும் பேசினாள். இடுக்கியில் பஞ்சைப் பிடித்துத் துளைக்குள் விட்டாள். பஞ்சு போய்க்கொண்டே இருந்தது. எத்திராஜ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனப்பா, வலிக்கலையா உனக்கு?"

"எனக்கு இப்பல்லாம் எங்கயுமே வலி கிடையாதும்மா. முட்டிக்கு மாத்திரை போடறேன் பாருங்க, எல்லா வலியும் சேந்து போயிடுச்சு."

நர்ஸின் கை நின்றது. "யாவ மாத்திரை? எந்த மாத்திரைப்பா? காட்டு."

சரசுவின் பர்சில் பொட்டலம் இருந்தது. பிரித்துக் காட்டினாள். நர்ஸ் குட்டி வெள்ளையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள்.

"அய்யோ, இது ஸ்டீராய்டு மாதிரி இருக்கு. இதைத் தின்னுட்டு இருந்தா புண்ணு எப்படி ஆறும்? டாக்டர் போயிட்டாரு. திங்கக்கிழமை இதைக் கொண்டுவந்து அவர்கிட்ட காட்டு. மறக்காதே. நெக்ஸ்ட்!"

வீட்டுக்கு வரும் வழியில் சரசு மெடிக்கல் ஷாப்பில் ஏறினாள். "இன்னா மாத்திரை சார் கொடுத்தீங்க எங்களுக்கு?"

சேஷகிரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வலின்னு வந்தே. வலி போச்சா இல்லியா?"

"போச்சு."

"அப்புறம் என்ன? நானா அவன் முதுகுல கொக்கி மாட்டினேன்?"

சரசு கடைப் படியிறங்கினாள். வேண்டிக்கொண்டது அவள். பொட்டலம் வாங்கி வந்தது அவள். வேளை தவறாமல் தண்ணீரோடு நீட்டியதும் அவள். வீட்டுக்குப் போனதும் மிச்சம் இருந்த பொட்டலங்களையெல்லாம் கக்கூஸில் கொட்டி, ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் நிம்மதியாக மூச்சு விட்டாள். சனியன் தொலைந்தது. இனி ஆறிவிடும்.

"திங்கக்கிழமை கொண்டாரச் சொன்னாங்களே?" என்றான் எத்திராஜ்.

"ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன் காட்டறதுக்கு. நீ வாயைத் திறக்காத. இனிமே ஒண்ணு கூட உன் வயித்துக்குள்ள போகாது."

ஞாயிற்றுக்கிழமை அவன் சரியாகச் சாப்பிடவில்லை. முட்டி மறுபடியும் பிடித்துக்கொண்டது. குடித்த டீ அப்படியே வெளியே வந்தது. மருந்து உடம்பிலிருந்து இறங்குகிறது, அப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை காலையில் அவனை எழுப்பியபோது கை சில்லிட்டிருந்தது. கண்ணைத் திறந்தான், அவள் யார் என்று யோசிப்பது போலப் பார்த்தான், மறுபடி மூடிக்கொண்டான்.

"சங்கமித்ரா!"

ஏன் அந்தப் பெயர் வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. சங்கமித்ரா கையில் இருந்த டிபன் பாக்ஸைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். சுனிலின் ஆட்டோவில் இரண்டு பெண்களுமாக அவனை மடியில் தாங்கிக்கொண்டார்கள். ஓகலிபுரம் தாண்டுவதற்குள் வண்டிகள் அடைத்துக்கொண்டன. சுனில் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. முன்னால் இருந்த யாரும் நகரவும் இல்லை.

வார்டுக்குப் பெரியவர் டாக்டர் க்ளென். ஆறடி உயரம், நரைத்த மீசை. காக்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவர். தமிழும் இங்கிலீஷும் அவர் வாயில் ஒரே பாஷை. நாடியைப் பிடித்தார், பிபி பார்த்தார், அந்த ஒற்றை வெள்ளை மாத்திரையைப் பார்த்தார்.

"எத்தனை காலமா சாப்பிடறார் இதை?"

"போன வருஷத்துலேர்ந்து சார்."

"கடைசியா எப்ப?"

"சனிக்கிழமை காலைல. நான்தான் சார் நிறுத்திட்டேன். எல்லாத்தையும் தூக்கிக் கொட்டிட்டேன்."

சபாஷ் என்பார் என்று ஒரு நொடி எதிர்பார்த்தாள். அவர் கண்ணை மூடித் திறந்தார். நர்ஸிடம் ஏதோ கத்தினார். சற்று நேரத்தில் எத்திராஜின் கையில் ஊசி ஏறியது. குளுக்கோஸ் பாட்டில் தொங்கியது.

"இன்னா மருந்து சார் அது?"

"அதே சாமான்தாம்மா. நீங்க கொட்டினதோட அண்ணன் தம்பி."

"சார்! அதுதானே புண்ணை ஆறவிடலைன்னு நர்ஸம்மா சொன்னாங்க!"

"கரெக்ட்."

"அப்புறம் ஏன் சார்?"

க்ளென் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இவர் என்ன வேலை பண்றார்?"

"குப்பை வண்டி ஓட்டறார்."

"ஓகே. ஒரு தெருவுல வண்டி வரலைன்னா என்ன ஆகும்? குப்பை சேரும். வண்டி வந்தா என்ன ஆகும்? தெரு அடைச்சிக்கும், சத்தம், எல்லாரும் ஹாரன் அடிப்பாங்க. ஆனா தெரு சுத்தமாகும். புண்ணும் அப்படித்தான். அடிபட்ட இடத்துக்கு உடம்பு ஆளுங்களை அனுப்பும். ரத்தம் ஓடி வரும், அதனால சிவப்பு, சூடு. தண்ணி இறங்கும், அதனால வீக்கம். அழுக்கை அள்ளி, கிருமியைக் கொன்னு, செத்த சதையைத் தூக்கிப் போட்டுட்டு, அப்புறம்தான் புது சதை கட்டும். முதல் வேலை நடக்கலைன்னா ரெண்டாவது வேலை கிடையாது. இந்த மாத்திரை எல்லா ஆளுங்களையும் வீட்ல உக்கார வெச்சிடுச்சு. முட்டிலயும் வேலை இல்ல, அதனால வலி இல்ல. முதுகுலயும் வேலை இல்ல."

"வீங்கவே இல்ல சார்" என்றாள் சரசு. "எல்லாரும் அதைத்தான் சாமி வரம்னு சொன்னாங்க."

க்ளென் சிரிக்கவில்லை. "நம்ம உடம்பே இந்தச் சரக்கைக் கொஞ்சம் கொஞ்சம் தயார் பண்ணும்மா. அது இல்லாம உயிர் நிக்காது. வெளியிலேர்ந்து தினம் வந்துட்டே இருந்துச்சா, உள்ள இருந்த கடையை உடம்பு மூடிடுச்சு. நீங்க திடீர்னு வெளிச் சப்ளையையும் கட் பண்ணிட்டீங்க. அதான் விழுந்துட்டார். கொடுத்தா புண் ஆறாது. கொடுக்கலைன்னா ஆளே இருக்க மாட்டார். மெதுவா மெதுவாத்தான் குறைக்கணும்."

"அதுக்குள்ள புண்ணு?"

"அதுக்குள்ள புண்ணு பரவாம இருக்கணும்." எழுந்துகொண்டார். "பார்ப்போம்மா."

பார்ப்பதைத் தவிர சரசுவுக்கு அதற்குப் பிறகு வேலையே இல்லாமல் போயிற்று. அவனுக்கு நினைவு திரும்பியது, பேசினான், வார்டு இட்லியைத் திட்டினான். துளையைக் கீறி அகலப்படுத்தினார்கள். செத்த சதையைச் சுரண்டி எடுத்தார்கள். கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் சரசு எட்டிப் பார்ப்பாள். வெளுப்பு. அடுத்த நாளும் வெளுப்பு. பக்கத்துக் கட்டிலில் காலில் அடிபட்ட ஒருவன், கால் வீங்கிவிட்டது என்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். சரசு அந்தச் சிவந்த காலை ஏக்கத்தோடு பார்த்தாள். உணவில் உப்பைக் குறைக்கலாமா, முட்டை கொடுக்கலாமா, முருங்கைக் கீரை கொடுக்கலாமா என்று வருகிற போகிற நர்ஸையெல்லாம் கேட்டாள். "கொடுங்க" என்றார்கள். கொடுத்தாள். வெளுப்பு.

ரங்கநாதன் ஒரு நாள் வார்டு வாசலில் வந்து நின்றார். மடியில் விபூதிப் பொட்டலம். உள்ளே வரலாமா என்று தயங்கினார்.

"என் கொக்கி சுத்தமாத்தான் இருந்துச்சு தங்கச்சி" என்றார், அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே. "வெந்நீர்ல போட்டு எடுத்தேன். எலுமிச்சம்பழத்துல குத்தி வெச்சிருந்தேன். அதே கொக்கிதான் சுனிலுக்கும்."

இத்தனை நாளும் யாரையாவது திட்ட வேண்டும் என்று அவள் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். அவர் நின்ற நிற்பைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை.

"முதுகுல வைக்காதீங்க அண்ணே. நெத்தில வைங்க" என்றாள்.

ஸ்டீராய்டு டோஸைச் சற்றுக் குறைத்திருந்த வாரம் அது. காலையில் நர்ஸ் கட்டைப் பிரித்தபோது எத்திராஜ், "ஆ!" என்று அலறினான்.

"இன்னாய்யா?"

"எரியுதுடி!"

சரசு நர்ஸைத் தள்ளிக்கொண்டு குனிந்தாள். புண்ணின் ஓரம் செம்பருத்திப் பூ மாதிரி சிவந்திருந்தது. சுற்றிலும் தோல் மினுமினுவென்று தடித்திருந்தது. கையைப் பக்கத்தில் கொண்டுபோனபோதே அனல் அடித்தது. "சங்கமித்ரா, சங்கமித்ரா, வந்து பாரேன்! சிவந்திருக்கு! வீங்கியிருக்கு!" லீவு போட்டுச் சோறு கொண்டுவந்திருந்த சங்கமித்ரா ஓடிவந்தாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நர்ஸ் மட்டும் தெர்மாமீட்டரை அவன் கக்கத்தில் வைத்துவிட்டு, எடுத்துப் பார்த்துவிட்டு, டாக்டருக்குப் போன் போட்டாள்.

க்ளென் வந்து வெகுநேரம் பார்த்தார். விரலால் அழுத்தினார், முகர்ந்தார்.

"வேலை ஆரம்பிச்சிடுச்சுல்ல சார்?" என்றாள் சரசு.

"இருக்கலாம்மா."

"இருக்கலாம்னா?"

"உடம்பு முழிச்சிக்கிட்டாலும் இப்படித்தான் சிவக்கும். கிருமி பரவ ஆரம்பிச்சாலும் இப்படித்தான் சிவக்கும். ஜுரமும் இருக்கு. டெஸ்ட் அனுப்பறேன். கிருமிக்குப் போடற மருந்தை மாத்தறேன். இப்ப பார்த்துச் சொல்லுன்னா, என்னால முடியாது."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். எத்திராஜின் முதுகில், சிவப்பு எங்கே முடிந்து சாதாரணத் தோல் எங்கே தொடங்குகிறதோ, அந்த எல்லையிலேயே நீல மையில் ஒரு கோடு இழுத்தார். ஒரு சுற்று வந்து கோடு சேர்ந்தது.

"சிவப்பு இதுக்குள்ள நின்னா நல்லது. இதைத் தாண்டினா உடனே நர்ஸைக் கூப்பிடுங்க."

"தாண்டாம இருக்க நான் இன்னா சார் பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண முடியாதும்மா. பாத்துட்டிருங்க."

அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சரசு ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நீலக் கோட்டைப் பார்த்தாள். சாப்பிடக் கூப்பிட்டபோது போகவில்லை. சாயங்கால வெளிச்சம் ஜன்னலில் மங்கியபோது சிவப்பு எது, நிழல் எது என்று கண்ணுக்குக் குழம்பியது. இடது ஓரத்தில் ஒரு இடம் கோட்டைத் தொட்டது போல இருந்தது. தொடாதது போலவும் இருந்தது.

"நீ சொல்லு. தாண்டிச்சா?"

சங்கமித்ரா குனிந்து, போன் விளக்கை அடித்துப் பார்த்தாள். "மை கலைஞ்சிருக்கா, இல்ல சிவப்பா... தெரியலக்கா. நர்ஸைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடு."

குப்புறப் படுத்திருந்த எத்திராஜ் தலையணைக்குள்ளிருந்து குரல் கொடுத்தான். "ரெண்டு பொம்பளைங்க சேந்து என் முதுகுல இன்னாடி தேடறீங்க?"

"பேசாத."

"சொல்லுடி. நல்லதா, கெட்டதா?"

"பேசாதன்னு சொல்றேன்ல. நீ மூச்சு விட்டாலே கோடு நகருது."

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.